கிராம சபையில் கேள்வி கேட்க மக்களைப் பழக்க முடியுமா?

நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். உங்கள் ஊரில் கிராம சபைக்கு ஆட்கள் வருகிறார்கள், கையெழுத்துப் போடுகிறார்கள், கிளம்பிவிடுகிறார்கள். ஒருவரும் வாய் திறப்பதில்லை. இளைஞர்கள் நாலைந்து பேர் சேர்ந்து 'கேள்வி கேட்பது எப்படி' என்று ஒரு நாள் பயிற்சி வைக்கலாமா, வைத்தால் மக்கள் ஊர் விஷயத்தில் இறங்குவார்களா என்று கேட்கிறீர்கள். அதற்குள் இன்னொரு சந்தேகமும் இருப்பதாகப் படுகிறது: மக்கள் கேட்கத் தெரியாமல் சும்மா இருக்கிறார்களா, கேட்டுப் புண்ணியமில்லை என்று தெரிந்து சும்மா இருக்கிறார்களா? முதலாவது என்றால் பயிற்சி உதவும். இரண்டாவது என்றால் பயிற்சி மட்டும் போதாது. நான் பார்த்தவரை ஒவ்வொரு ஊரிலும் இரண்டும் கலந்தே கிடக்கின்றன.

ஊராட்சி வார்டு உறுப்பினர்களுக்கும் மகளிர் குழுக்களுக்கும் பயிற்சி கொடுப்பது எனக்குப் பதினேழு வருடத் தொழில். பெரும்பாலும் தென் மாவட்டங்கள். நகரங்களில் 2022 நவம்பர் 1 முதல் பகுதி சபை நடக்கிறது. அதில் எனக்குப் பழக்கம் குறைவு, அதனால் அதைத் தொடவில்லை. சொல்வதெல்லாம் கிராம ஊராட்சியை வைத்துத்தான்.

நம் மக்களுக்குக் கேட்கத் தெரியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். திங்கட்கிழமை எந்த மாவட்ட ஆட்சியர் அலுவலக வாசலிலும் போய் நின்று பாருங்கள். குறைதீர் நாளுக்கு மனுவோடு வந்திருக்கும் கூட்டம் தெரியும். ஜமாபந்திக்கும் அப்படித்தான். தமிழில் 'கேள்' என்ற ஒரே சொல் மூன்று வேலை செய்கிறது: காது கொடுப்பதும் கேட்பது, வேண்டுமென்று யாசிப்பதும் கேட்பது, விசாரிப்பதும் கேட்பது. நம்மில் பெரும்பாலானோருக்கு அரசாங்கத்திடம் இரண்டாவது வகையில் கேட்டுத்தான் பழக்கம். "தண்ணி கேட்டோம், ரோடு கேட்டோம், பட்டா கேட்டோம்." தண்ணீரைப் பற்றி, ரோட்டைப் பற்றி விசாரித்தவர்கள் குறைவு. மனு கொடுப்பவரின் காரியம் அதை வாங்குபவர் மனசைப் பொறுத்தது. விசாரிப்பவருக்குப் பதில் சொல்ல வேண்டிய கடமை எதிரே உட்கார்ந்திருப்பவருடையது. பயிற்சி என்று நீங்கள் எதைச் செய்தாலும், மனு கொடுக்கும் பழக்கத்திலிருந்து விசாரிக்கும் பழக்கத்துக்கு ஆட்களை நகர்த்துவதே அதன் வேலை. தைரியம் வளர்ப்பது, மேடைக் கூச்சம் போக்குவது எல்லாம் பிறகு தானாக வரும். அவை வராவிட்டாலும் பெரிய நஷ்டமில்லை.

இந்த வேலையை முறைப்படுத்தியவர்களில் எனக்குத் தெரிந்து முக்கியமானவர்கள் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இருக்கிறார்கள். 1990 வாக்கில், லாரன்ஸ் என்ற ஊரில், பிள்ளைகள் படிப்பைப் பாதியில் விடுவதைத் தடுக்கும் திட்டம் ஒன்று நடந்தது. பெற்றோர் பள்ளிக் கூட்டங்களுக்கு வருவதில்லை. விசாரித்தபோது அவர்கள் சொன்ன காரணம், "போனா என்ன கேக்குறதுன்னே தெரியல." டான் ராத்ஸ்டைன், லூஸ் சான்டானா இருவரும் அங்கே பிடித்த நூல்தான் பிறகு ஒரு தனி அமைப்பாக வளர்ந்தது. இதில் சான்டானா புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்தவர், தொழிற்சாலையில் வேலை பார்த்தவர், அரசு உதவித்தொகையில் குடும்பம் நடத்தியவர். அலுவலக மேசைக்கு இந்தப் பக்கம் நிற்பது எப்படி இருக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அவர்கள் முதலில் செய்தது, கேட்க வேண்டிய கேள்விகளைப் பட்டியல் போட்டுப் பெற்றோர் கையில் கொடுத்தது. சரிவரவில்லை. பட்டியல் தீர்ந்ததும் அடுத்த பட்டியலுக்காக இவர்களிடமே வந்து நின்றார்கள். அப்புறம்தான், கேள்விகளைக் கொடுக்காமல், கேள்வியை உண்டாக்கும் முறையைக் கற்றுக்கொடுப்பது என்று மாறினார்கள்.

இந்தக் கதை தெரியாமல் அதே தவறை நானும் செய்தேன். வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வருடம் என்று நினைவு. கிராம சபைக்கு இருபத்தைந்து கேள்விகள் என்று ஒரு துண்டறிக்கை அச்சடித்து ஒரு ஊரின் குழுக்காரப் பெண்களிடம் கொடுத்தேன். கூட்டத்தில் ஓர் அக்கா எழுந்து முதல் கேள்வியை வாசித்தார். பற்றாளராக வந்திருந்த அலுவலர், "ஆவன செய்யப்படும்" என்றார். அக்கா உட்கார்ந்தார். இன்னொருவர் எழுந்து இரண்டாவதை வாசித்தார். "பரிசீலிக்கப்படும்." ஏழாவது கேள்வி அந்த ஊரில் இல்லவே இல்லாத ஒரு திட்டத்தைப் பற்றியது. தலைவர் சிரித்தார், கூட்டம் சிரித்தது, அத்தோடு முடிந்தது. வெளியே வந்து அந்த அக்கா என்னிடம், "தம்பி, நீங்க எழுதினத நாங்க படிச்சோம், அவங்க எழுதி வச்சத அவங்க படிச்சாங்க" என்றார். அதற்குப் பிறகு நான் ஒரு கேள்விகூட எழுதிக் கொடுத்ததில்லை.

இப்போது நான் செய்வது ஏறக்குறைய அந்த மாசசூசெட்ஸ் முறைதான், நம் ஊருக்கு வளைத்துக்கொண்டது. பத்துப் பன்னிரண்டு பேரை உட்கார வைத்து, நடுவில் ஒரு விஷயத்தைப் போடுவேன். அதைக் கேள்வியாகப் போடக்கூடாது. சும்மா ஒரு வாக்கியம். உதாரணமாக, "மேலத்தெருவுக்கு வாரத்தில் இரண்டு நாள்தான் தண்ணீர் வருகிறது." இதைப் பற்றி மனதில் வருகிற கேள்வியெல்லாம் சொல்ல வேண்டும். அவர்கள் வகுத்த விதிகள் நாலே நாலு: எத்தனை முடியுமோ அத்தனை கேள்வி கேட்க வேண்டும், நடுவில் நிறுத்தி விவாதிக்கவோ, நல்ல கேள்வி கெட்ட கேள்வி என்று சொல்லவோ, பதில் சொல்லவோ கூடாது, சொன்னது சொன்னபடி எழுத வேண்டும், யாராவது கேள்வியாக இல்லாமல் செய்தியாகச் சொன்னால் அதைக் கேள்வியாக மாற்ற வேண்டும். கேட்க எளிதாக இருக்கும். நடத்திப் பாருங்கள், இரண்டாவது விதியில் நீங்களே வழுக்குவீர்கள். யாராவது ஒருவர் கேட்டதும் பக்கத்தில் இருப்பவர், "அது மோட்டார் கருகிப் போச்சுல்ல, அதான்" என்று பதில் சொல்லிவிடுவார். கேள்வி அந்த இடத்திலேயே செத்துவிடும். இளைஞர்கள் நடத்தும் பயிற்சிகளில் இன்னொன்றும் நடக்கும்: "சூப்பர் கேள்விக்கா!" என்று ஒருவரைப் பாராட்டுவீர்கள். பாராட்டு வாங்காத மற்ற மூன்று பேர் அதற்குப் பிறகு வாயைத் திறக்க மாட்டார்கள்.

நம் ஊரில் அதிக நேரம் எடுப்பது நாலாவது விதி. நம் பேச்சு புகாராகத்தான் வரும். "பணத்த எல்லாம் தின்னுட்டானுக." இதைக் கேள்வியாக்கு என்றால் முதலில் "பணத்த ஏன் தின்னீங்க?" என்று வரும். எழுதிக்கொள்ளுங்கள், திருத்தாதீர்கள். தொடர்ந்து கேட்டால் பதினைந்தாவது, இருபதாவது கேள்வியில் விஷயம் மாறும். "எவ்வளவு பணம் வந்துச்சு?" "எதுக்குன்னு வந்துச்சு?" "போன வருஷம் மோட்டார் எத்தனை தடவ ரிப்பேர் பாத்தாங்க?" "ஒவ்வொரு தடவையும் பில்லு எவ்வளவு?" "டேங்க் ஆபரேட்டர் எந்தத் தெருவுக்கு எத்தனை மணிக்குத் தொறந்து விடணும்னு சொன்னது யாரு?" நான் கவனித்ததில், இந்தக் கடைசி வகைக் கேள்வி பெரும்பாலும் ஆண்களிடமிருந்து வருவதில்லை. குடத்தோடு நிற்பவருக்குத்தான் வால்வு யார் கையில் இருக்கிறது என்று தெரியும்.

அதற்குப் பிறகு கேள்விகளைப் பிரிக்க வேண்டும். ஆமாம், இல்லை என்று முடிந்துவிடக்கூடியவை ஒரு பக்கம், விளக்கம் சொல்லியாக வேண்டியவை இன்னொரு பக்கம். ஒன்றை மற்றொன்றாக மாற்றிப் பார்க்கச் சொல்ல வேண்டும். கடைசியில் மூன்றை மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டும். எந்த மூன்று என்பதில்தான் சண்டையே வரும். வரட்டும், அதுதான் பயிற்சி. அந்த அமைப்பினர் சொல்லும் ஓர் உரைகல்லும் இங்கே உதவும். எந்த முடிவைப் பற்றியும் மூன்று பக்கம் பார்க்கலாம்: முடிவுக்குக் காரணம் என்ன, எந்த வழியில் எடுக்கப்பட்டது, அதில் எங்கள் பங்கு என்ன. நம் மக்கள் காரணத்தை உடனே கேட்பார்கள். வழியைக் கொஞ்சம் தூண்டினால் கேட்பார்கள். "இதுல எங்கள எங்க கேட்டீங்க?" என்ற மூன்றாவது மட்டும் சீக்கிரத்தில் வராது. அது வந்த ஊர்களில் பிறகு நான் போகவேண்டியிருந்ததில்லை.

மூன்று கேள்விகளையும் தேர்ந்தெடுத்த பிறகு நான் சேர்க்கும் ஒரு படி அமெரிக்க முறையில் இல்லாதது: ஒவ்வொரு கேள்விக்கும் பதில் எந்தக் காகிதத்தில் இருக்கும் என்று யோசிக்க வைப்பது. ரோடு போட்டது பற்றி என்றால் எஸ்டிமேட்டும் எம் புக்கும் (செய்த வேலையை அளந்து எழுதும் அளவுப் புத்தகம்). மோட்டார் ரிப்பேர் என்றால் பில்லும் செலவுச் சீட்டும். தீர்மானம் என்றால் தீர்மான நோட்டு. வாயால் சொல்லும் பதில் கூட்டம் கலைந்ததும் காற்றில் போகும். காகிதம் எங்கேயோ ஒரு பீரோவில் இருக்கும். தகவல் பெறும் உரிமைச் சட்டம் தெரிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

இந்த இடத்தில் உறுதியாகச் சொல்லக்கூடிய சட்ட விஷயம் ஒன்று இருக்கிறது. 2005 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நீங்கள் கேட்டுப் பெறக்கூடியது 'தகவல்'. அதாவது ஏதோ ஒரு வடிவில் ஏற்கெனவே பதிவாகி இருப்பது. 'ஏன்' என்ற கேள்விக்கான பதில் அந்த வரையறைக்குள் வராது என்று 2008இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் கோவா அமர்வு சொன்னது. இல்லாத தகவலை உருவாக்கித் தரவோ, கருத்தோ ஆலோசனையோ சொல்லவோ அலுவலகத்துக்குக் கடமையில்லை என்று 2011இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. அதனால் "எங்கள் தெருவுக்கு ஏன் ரோடு போடவில்லை?" என்று பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி அனுப்பினால், "தகவல் அல்ல" என்று ஒரு வரியில் திருப்பி அனுப்பலாம். அதையே "2022 முதல் இன்றுவரை எங்கள் ஊராட்சியில் போடப்பட்ட சாலைகளின் பெயர், மதிப்பீட்டுத் தொகை, பணியாணை நகல், எங்கள் தெரு குறித்து நிறைவேற்றிய தீர்மானத்தின் நகல்" என்று கேட்டால் 30 நாளுக்குள் பதில் வந்தாக வேண்டும். வராவிட்டால் முதல் மேல்முறையீடு, அதன் பிறகு 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு. எந்த அலுவலகத்துக்கு அனுப்புவது என்று குழம்ப வேண்டாம். தவறான இடத்துக்குப் போனாலும் 6(3) பிரிவின்படி ஐந்து நாளுக்குள் உரிய இடத்துக்கு அவர்களே மாற்றிவிட வேண்டும். 'ஏன்' என்பதற்கு அந்தச் சட்டத்தில் இடமே இல்லை என்றும் நினைத்துவிடாதீர்கள். நிர்வாக முடிவுகளின் காரணத்தை அதனால் பாதிக்கப்பட்டவருக்குச் சொல்ல வேண்டும் என்று 4(1)(ஈ) பிரிவு இருக்கிறது. அதைக் காட்டிக் கேட்பவர்கள் குறைவு. கிராம சபையில் நேரில் 'ஏன்' என்று கேட்க எந்தத் தடையும் இல்லை. கேட்க வேண்டிய இடமே அதுதான்.

இந்தச் சட்டமே ஒரு கேள்வியிலிருந்து பிறந்தது என்பது பயிற்சியில் சொல்லத்தக்க கதை. ராஜஸ்தானில் பஞ்ச நிவாரண வேலைக்குப் போன கூலிக்காரர்களுக்குக் குறைந்தபட்சக் கூலியைவிடக் குறைவாகக் கொடுத்தார்கள். கேட்டால், நீங்கள் செய்த வேலையின் அளவு குறைவு, அளவுப் புத்தகத்தில் அப்படித்தான் பதிவாகியிருக்கிறது என்றார்கள். அந்தப் புத்தகத்தைக் காட்டுங்கள் என்றதற்கு, அது அரசாங்க ரகசியம் என்றார்கள். கூலி கேட்டவர்கள் அந்த இடத்தில்தான் கணக்கு கேட்பவர்களாக மாறினார்கள். அருணா ராய் முதலானோர் 1990இல் தொடங்கிய தொழிலாளர் விவசாயிகள் சங்கம், 1994 டிசம்பரில் பாலி மாவட்டத்து கோட்கிரானாவில் முதல் மக்கள் விசாரணையை நடத்தியது. வருகைப் பதிவேட்டை ஊர் நடுவில் சத்தமாக வாசித்தார்கள், அவ்வளவுதான். யார் வேலைக்கு வந்தார், யார் வரவில்லை என்று ஊருக்குத் தெரியாதா? 1996இல் பியாவரில் நாற்பது நாள் தர்ணா. "நம் காசு, நம் கணக்கு" என்ற அவர்களுடைய முழக்கத்தை ஒரு குழுவில் சொன்னபோது, ஒரு பாட்டி, "இதத்தான நாங்க சீட்டுல கேக்குறோம்" என்றார். ஏலச்சீட்டு நடத்துபவரிடம் கணக்கு கேட்கத் தயங்காத ஊர் இது. அதற்குப் பிறகு அந்த உவமையை எல்லா இடத்திலும் பயன்படுத்துகிறேன், பாட்டிக்கு ஒரு காசும் கொடுக்காமல். (தகவல் உரிமைக்கு இந்தியாவில் முதலில் சட்டம் போட்ட மாநிலம் தமிழ்நாடுதான், 1997இல். விலக்குகள் அதிகமாகி, பெயரளவில் நின்ற சட்டம் அது. பெருமைப்படுவதா வேண்டாமா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.)

அடுத்தது துணைக் கேள்வி. சட்டமன்றத்தில் உறுப்பினர் ஒரு கேள்வி கேட்டு, அமைச்சரின் பதிலைப் பிடித்துக்கொண்டு துணைக் கேள்வி கேட்பதைப் பார்த்திருப்பீர்கள். கிராம சபையில் இல்லாதது அதுதான். "மேலிடத்துக்கு எழுதியிருக்கு" என்று பதில் வந்தால், "எந்தத் தேதியில எழுதினீங்க சார், நகல் இருக்கா?" "ஃபண்ட் இல்ல" என்றால், "இந்த வருஷம் வந்தது எவ்வளவு, எதுக்குச் செலவாச்சு?" "ஆவன செய்யப்படும்" என்றால், "யார் செய்வாங்க, என்னைக்குள்ள? தீர்மானத்துல எழுதிக்கலாமா?" இதை ஒத்திகை பார்க்காமல் யாருக்கும் வராது. பயிற்சியில் ஒருவரைத் தலைவராக நடிக்க வைப்பேன். நடிக்க வருபவர் எப்போதும் அபாரமாக நடிப்பார். நழுவும் பதில் எல்லாம் ஊருக்கே மனப்பாடம். சிரித்துக்கொண்டே ஆறேழு முறை ஓட்டினால், நிஜக் கூட்டத்தில் அதே பதில் வரும்போது பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். அந்தப் பார்வை வந்துவிட்டால் இரண்டாவது கேள்வியும் வந்துவிடும். ஒருவர் முதல் கேள்வியையும் வேறொருவர் துணைக் கேள்வியையும் வைத்துக்கொள்வது நல்லது. தனியாளை மடக்குவது எளிது.

பணத்தைப் பற்றிக் கேட்கக் கொஞ்சம் அடிப்படையும் தெரிந்திருக்க வேண்டும். இதை மட்டும் நான் வாய்ப்பாடம் போலச் சொல்லிக்கொடுத்துவிடுவேன். 2021 முதல் 2026 வரை ஊராட்சிகளுக்கு மத்திய அரசிடமிருந்து வந்த 15ஆவது நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்றே ஒதுக்கப்பட்டது. வீட்டுக் குழாய்த் திட்டத்தின் அளவுகோல் ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர். இந்த இரண்டு எண்கள் போதும், மேலத்தெருக் கேள்விக்கு எலும்பு வந்துவிடும். ஆறு பேர் வீட்டுக்கு 330 லிட்டர் என்று அவர்களே பெருக்கிப் பார்த்துக் குடத்தில் கணக்குப் போட்டுவிடுகிறார்கள்.

இனி உறுதியில்லாத பக்கம். பயிற்சி கொடுத்தால் கேள்வி கூடுமா என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. கேள்வி கூடினால் பதில் கூடுமா என்பதில் இருக்கிறது. என் அனுபவத்தை மட்டும் வைத்துச் சொல்லவில்லை. மகளிர் குழுக்களை மையமாக வைத்துத் தமிழ்நாட்டில் நடந்த புது வாழ்வு திட்டத்தைப் பற்றி 2017இல் உலக வங்கி ஆய்வுக் கட்டுரை ஒன்று வெளியானது. திட்டம் நடந்த ஊர்களையும் அவற்றைப் போன்ற, திட்டம் நடக்காத ஊர்களையும் ஜோடி சேர்த்து, கிராம சபைப் பேச்சுகளை எழுத்தாக்கி ஒப்பிட்டார்கள். திட்டம் நடந்த ஊர்களில் பெண்கள் கூடுதலாக வந்தார்கள், கூடுதலாகப் பேசினார்கள், கூடுதல் நேரமும் பேசினார்கள். ஆனால் கூட்டம் எதைப் பற்றிப் பேச வேண்டும் என்பதை அவர்கள் தீர்மானித்ததற்கோ, அலுவலர்களிடமிருந்து பொருத்தமான பதில் கூடுதலாகக் கிடைத்ததற்கோ சான்று இல்லை. குரல் கூடியது, பதில் கூடவில்லை. அதே ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட இன்னொரு கட்டுரையில், ஊராட்சித் தலைவர் பெண்ணாக இருந்த இடங்களில் பெண்களின் பேச்சுக்குப் பதில் மேம்பட்டது என்று வருகிறது. அப்படியென்றால் கேட்பவரை மட்டும் பழக்கிப் பயனில்லை, மேசைக்கு அந்தப் பக்கமும் ஏதோ மாற வேண்டும் என்றுதான் நான் அதைப் படிக்கிறேன். இந்த ஆய்வுகள் பொதுவான குழுத் திட்டத்தைப் பற்றியவை. கேள்விப் பயிற்சியைத் தனியாக அளந்தவை அல்ல. ஆகவே என் முறையில் நடத்தினால் பதிலும் கூடும் என்று அடித்துச் சொல்ல எனக்கு உரிமையில்லை. காகிதத்தைக் குறிவைத்த கேள்விக்குப் பதில் வருவது கூடுகிறது என்பது என் கண்ணால் பார்த்தது, அவ்வளவே.

கூட்டத்தின் அமைப்பை மாற்றினால் என்ன ஆகும் என்பதற்குக் கேரளம் உதாரணம். 1996 ஆகஸ்டில் அங்கே தொடங்கிய மக்கள் திட்ட இயக்கத்தில், கிராம சபையை ஒரே கூட்டமாக நடத்தாமல், விவசாயம், குடிநீர், கல்வி என்று சிறு குழுக்களாகப் பிரித்து உட்கார வைத்தார்கள். ஒவ்வொரு குழுவுக்கும் பயிற்சி பெற்ற ஒருவர். ஐநூறு பேர் நடுவில் எழுந்து மைக் கேட்க முடியாதவர் இருபது பேர் நடுவில் பேசிவிடுவார். மாநிலத் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளாட்சிகளுக்குப் போனதால் பேசியதற்குப் பொருளும் இருந்தது. நம் ஊரில் அந்தப் பணம் இல்லை. ஆனால் கூட்டத்துக்கு முந்தின வாரம் தெருத்தெருவாக இருபது பேரை உட்கார வைப்பதை யாரும் தடுக்கவில்லை. உங்கள் ஒரு நாள் பயிற்சியை அப்படி உடைத்து, நாலு தெருவில் நாலு மாலை நேரமாக வையுங்கள்.

ஆபத்தைப் பற்றியும் சொல்லாமல் விட்டால் நேர்மையில்லை. கேள்வி கேட்டவர் தெருவுக்கு மறுவாரம் தண்ணீர் நின்றதையும், வேலைப் பட்டியலில் பெயர் விடுபட்டதையும் பார்த்திருக்கிறேன். கேட்டவர் எந்தத் தெரு என்பதைப் பொறுத்து விளைவு மாறும். எந்தத் தெரு என்றால் எந்தச் சாதி என்று நம் ஊரில் விளக்கத் தேவையில்லை. காலனியிலிருந்து ஒரு பெண் எழுந்து ரோடு கணக்கு கேட்பதும், தலைவரின் பங்காளி எழுந்து கேட்பதும் ஒன்றல்ல. பயிற்சி கொடுத்துத் தூண்டிவிட்டு, நாம் பஸ் ஏறிவிடுவோம். அவர் அங்கேயே இருக்க வேண்டும். அதனால் யாரையும் தனியாகக் கேட்க வைக்காதீர்கள். பத்துக் கையெழுத்தோடு எழுத்தில் கொடுத்து, ஒப்புகை வாங்கிய பிறகு வாயால் கேட்கட்டும். எந்தக் கேள்வியை இந்த முறை விட்டுவிடலாம் என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். "ஏன் பயப்படறீங்க?" என்று மட்டும் கேட்காதீர்கள்.

பக்குவம் குறைந்த குழு என்றால் கிராம சபையில் தொடங்கவே வேண்டாம். பள்ளி மேலாண்மைக் குழுவில் தொடங்கலாம். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின்படி அதன் உறுப்பினர்களில் நாலில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, எத்தனை ஆசிரியர் பணியிடம் காலி என்று கேட்பதில் பகை குறைவு. பிள்ளைக்காகக் கேட்கிறோம் என்பதால் அம்மாக்களுக்கு நாக்கும் எளிதாகப் புரளும். அங்கே நாலு மாதம் பழகியவர்கள் கிராம சபையில் வேறு ஆளாக நிற்பதைப் பலமுறை பார்த்தேன்.

கையெழுத்து விஷயத்தை மறந்துவிடாதீர்கள். 500 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300 என்று கோரம், அதாவது கூட்டம் செல்லக் குறைந்தபட்ச வருகை, வைத்திருக்கிறார்கள். அதனால்தான் நூறு நாள் வேலைக்கு வந்த பெண்களை அப்படியே கூட்டி வந்து நோட்டை நீட்டுவது. சில இடங்களில் தீர்மானம் எழுதுவதற்கு முன்பே கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். அதனால் உங்கள் பயிற்சியின் முதல் கேள்வியாகவே ஒன்றை வைத்துக்கொள்ளலாம், கேட்க ஒரு தைரியமும் தேவையில்லாதது: "சார், தீர்மானத்த ஒரு தடவ வாசிச்சுக் காட்டுறீங்களா, கையெழுத்துப் போட்டுர்றேன்." (பட்டியல் எழுதிக் கொடுக்க மாட்டேன் என்று சொன்னவன் ஒன்றை எழுதிவிட்டேன்; பொறுத்துக்கொள்ளுங்கள்.) தலைவர் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர் பொறுப்பில் இருக்கும் ஊராட்சி என்றாலும் இதே கேள்விதான்.

கிராம சபை நாட்கள் உங்களுக்குத் தெரிந்திருக்கும்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுத்து வருவதை விட்டுவிட்டு அதற்கடுத்ததைக் குறிவையுங்கள், இடையில் குறைந்தது நாலு வாரம் கிடைக்கும். இந்தக் கூட்டத்தில் போய் உட்கார்ந்து, யார் எங்கே உட்காருகிறார்கள், மைக் யார் கையில் இருக்கிறது, எந்தப் பதிலோடு பேச்சு நிற்கிறது என்று மட்டும் குறித்துக்கொண்டு வாருங்கள். கூட்டப்பொருள் தாளை ஒட்டியிருந்தால் ஒரு படம் எடுத்து, ஆட்கள் பெயரை மறைத்து இங்கே போடுங்கள். எந்த வாக்கியத்தை நடுவில் போட்டுத் தொடங்கலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.